பின் டயரை மட்டும் அகலமா போடுங்கண்ணே!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நெம்மேலிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்துவிட்டால் போதும். காசு கொடுக்காமல் மோட்டார் ஷோ பார்க்கலாம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கி மஞ்சள், சிவப்பு, தவளைப் பச்சை என்று விதவிதமாகப் பறக்கும். பல கார்களில் இரண்டே இரண்டு ஸீட். ஒவ்வொன்றின் விலையிலும் நம்மைப் போன்ற ஆபீஸ் ஆசாமி தாம்பரத்தில் தனி வீடு வாங்கி, மிச்சத்தில் தங்கைக்குக் கல்யாணமும் செய்து வைத்துவிடலாம்.

அதில் ஏதாவது ஒன்று இளநீர் குடிக்க நின்றது என்று வையுங்கள். சுற்றிச் சேருகிற பையன்கள் முதலில் முன்பக்கம் நின்று செல்போனில் படம் எடுப்பார்கள். அடுத்து எல்லோரும் போவது பின்பக்கம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின் டயரைப் பார்த்து, "யப்பா... எவ்ளோ அகலம்டா!" என்பார்கள். முன் டயரை ஒருத்தன் கூட அப்படிக் குனிந்து பார்ப்பதில்லை.

அந்த அகலத்தில்தான் மயக்கமே. கொஞ்சம் காசு சேர்ந்ததும் தன் காருக்கும் பின்னால் மட்டும் ஒரு சுற்று அகலமாகப் போட்டால் என்ன என்று தோன்றிவிடுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கும் தோன்றுகிறது, அதை டீக்கடையில் பார்த்தவருக்கும் தோன்றுகிறது.

கார் கம்பெனியே அப்படிப் போட்டுத் தருகிறதே என்று கேட்பீர்கள். தருகிறது. அதைப் பார்க்க ஜெர்மனி வரை போக வேண்டாம். நெம்மேலியிலிருந்து மேற்கே திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு ரோட்டைப் பிடித்து, பரனூர் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டிக்குப் போனால் போதும். 2007 முதல் அங்கே பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இருக்கிறது. 2021 மார்ச்சில் எம்340ஐ என்று ஒரு காரை அங்கே பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். நாலு கதவு வைத்த, பார்க்க சாதுவான கார். ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தை ஐந்து விநாடிக்குள் தொட்டுவிடும். அதன் 18 அங்குலச் சக்கரத்தில் முன் டயர் 225/45. பின் டயர் 255/40. அதாவது பின்னால் 30 மில்லிமீட்டர் அகலம் அதிகம்.

இந்த எண்களில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 45 சதவீதம். முன் டயருக்கு 225-ல் 45 சதவீதம் 101.25. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 202.5. ரிம் 18 அங்குலம், அதாவது 457.2. கூட்டினால் முன் சக்கரத்தின் மொத்த உயரம் 659.7 மில்லிமீட்டர்.

பின் டயருக்கு 255-ல் 40 சதவீதம் 102. இரண்டு மடங்கு 204. ரிம்மைக் கூட்டினால் 661.2.

வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்! அகலத்தை 30 மில்லிமீட்டர் கூட்டியவர்கள், உயரம் ஏறிவிடாமல் இருக்க 45-ஐ 40 ஆக இறக்கியிருக்கிறார்கள். இந்தக் காரில் நாலு சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி போகிறது. முன்னும் பின்னும் உயரம் வேறுபட்டால் ஒரே தூரத்துக்கு ஒரு ஜோடி வேகமாகச் சுற்றும், இன்னொரு ஜோடி மெதுவாகச் சுற்றும். நடுவில் இருக்கிற கியர் பெட்டி மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி சூடேறியே கெட்டுப்போகும். அதற்காகத்தான் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் கஞ்சத்தனம்.

இந்தக் கஞ்சத்தனம் பழசு. 1972 அக்டோபரில் போர்ஷே கம்பெனி பாரிஸில் காட்டிய '911 கரேரா ஆர்.எஸ். 2.7' காரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனி சாலைக்கென்று விற்ற கார்களில் முன்னுக்கு ஒரு அகலம், பின்னுக்கு ஒரு அகலம் என்று வந்தது அதில்தான். முன்னால் 185/70, பின்னால் 215/60, இரண்டும் 15 அங்குல ரிம். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். முன்னால் 640, பின்னால் 639. கம்ப்யூட்டர் மேஜைக்கு வராத காலத்திலேயே ஒரு மில்லிமீட்டரில் நிறுத்தியிருக்கிறார்கள்!

போர்ஷேகாரர்களுக்கு ஏன் அந்த அவசியம் வந்தது என்பது தனிக் கதை. 911-ல் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. ஆட்டோ ரிக்‌ஷாவில் டிரைவர் மட்டும் முன்னால் ஒல்லியாக உட்கார்ந்து, பின்னால் மூன்று மாமிகள் ஏறிக்கொண்ட மாதிரி. வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னுக்குப் பாயும், பின்பக்கம் லேசாகும். லேசான பின்பக்கம் என்ஜினின் கனத்தோடு வெளியே வீசப்படும். சாட்டையின் நுனி மாதிரி. கம்பெனி முதலில் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? முன் பம்பருக்குள் இரண்டு மூலையிலும் ஆளுக்கு 11 கிலோ இரும்புக் கட்டியை ஒளித்து வைத்தது! காய்கறிக் கடைத் தராசில் படிக்கல் போடுகிற அதே உத்தி. பிறகு 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். அதற்கும் பிறகுதான் அகலமான பின் டயர். மற்ற வைத்தியங்களோடு சேர்த்துக் கொடுத்த மருந்து அது. அழகுக்காக வைத்த பொட்டு அல்ல.

சரி, அகலம் என்ன செய்கிறது? பலரும் நினைப்பது, 'அகலமான டயர், அதிக இடம் தரையைத் தொடும், அதனால் அதிகப் பிடி' என்று. பாதி சரி, பாதி கதை.

தரையைத் தொடும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது டயரின் மேல் ஏறும் எடையும் உள்ளே இருக்கிற காற்றழுத்தமும். கார் 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 425 கிலோ. காற்று 33 பவுண்டு என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ தாங்கும். வகுத்தால் 185 சதுர சென்டிமீட்டர். விரலை விரித்து வைத்த உங்கள் கை அளவு. அவ்வளவுதான்! கோடி ரூபாய்க் காரும் ஒரு சக்கரத்துக்கு ஒரு கை வைத்துத்தான் பூமியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டயரை அகலமாக்கினால் அந்தக் கையின் பரப்பு பெரிதாக மாறுவதில்லை, வடிவம் மாறுகிறது. ஒல்லி டயரின் தடம் நேந்திரம்பழம் மாதிரி முன்பின்னாக நீளம். அகல டயரின் தடம் குறுக்காக வைத்த கொழுக்கட்டை மாதிரி, அகலம் அதிகம், நீளம் குறைவு. வளைவில் ஒவ்வொரு ரப்பர் பட்டனும் தரையைத் தொட்ட நொடியிலிருந்து பக்கவாட்டில் இழுபட ஆரம்பிக்கிறது. தடம் நீளமாக இருந்தால் கடைசிக்குப் போவதற்குள் நிறைய இழுபட்டு வழுக்கிவிடும். தடம் குட்டையாக இருந்தால் அதற்குள் வேலை முடிந்து மேலே போய்விடும். தவிர, ரப்பரை அதிகமாக அழுத்த அழுத்த அதன் பிடி அதே விகிதத்தில் கூடுவதில்லை. அகல டயர் பாரத்தை இன்னும் சீராகப் பரப்புகிறது. ஆக, வெயிலில், காய்ந்த ரோட்டில், அகல டயருக்குப் பிடி கூடுவது உண்மை.

ஆனால் எந்தப் பக்கம் கூடுகிறது?

செங்கல்பட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த டயர் கடை ஒன்று. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். முப்பது வருஷமாக ரிம் மேல் டயர் ஏற்றுகிறவர். போன ஐப்பசியில் ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது ஒரு தம்பி வந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரெண்டு ஸீட் கார். நாலு சக்கரத்திலும் 225/45, பதினெட்டு அங்குலம்.

"அண்ணே, பின்னாடி மட்டும் 255 போடணும்."

"முன்னாடி?"

"முன்னாடி அப்படியே இருக்கட்டும்ணே. பட்ஜெட் இல்ல. பின்னாடி தானே பவர் போகுது?"

"255-ல என்ன, நாப்பத்தஞ்சா நாப்பதா?"

"அது ஏதோ ஒண்ணு போடுங்கண்ணே. நாப்பத்தஞ்சே இருக்கட்டும். இன்னும் குண்டா தெரியும்ல?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

255/45 போட்டால் சக்கரத்தின் உயரம் 686.7. முன் சக்கரத்தைவிட 27 மில்லிமீட்டர் அதிகம், நாலு சதவீதம். பின் சக்கரத்தை நம்பி ஓடுகிற ஸ்பீடாமீட்டர் என்றால், அது நூறு காட்டும்போது நிஜமாகப் போவது நூற்று நாலு. பிரேக்கைக் கவனிக்கிற கம்ப்யூட்டருக்கு முன் சக்கரம் எப்போதும் அதிகமாகச் சுற்றுவதாகவே தெரியும். இல்லாத ஆபத்தைப் பார்த்து அது மிரளலாம். வளைவில் டயர் மட்கார்டு உள்பக்கம் உரசலாம். அந்த ஒல்லி ரிம்மில் 255-ஐ ஏற்றினால் பக்கச் சுவர் பிதுங்கி, சின்னச் சட்டைக்குள் தொப்பை மாதிரி உட்காரும். பி.எம்.டபிள்யூ.காரர்கள் முன்னால் ஏழரை அங்குல ரிம் வைத்த இடத்தில் பின்னால் எட்டரை வைக்கிறார்கள் என்பதை ஞாபகம் வையுங்கள். டயர் மாறினால் ரிம்மும் மாற வேண்டும். பட்ஜெட் இல்லாத தம்பிக்கு இது இன்னொரு பட்ஜெட்.

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள கணக்கு. நான் படித்தது காமர்ஸ். பாலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கம் மட்டும் தொகையை ஏற்றினால் டேலி ஆகாது என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். காரும் அப்படித்தான். பின்னுக்குப் பிடி கூடினால், வளைவில் முதலில் தோற்பது முன் டயர். ஸ்டியரிங்கை ஒடிக்கிறீர்கள், வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. திருப்போரூரில் தேர் இழுத்தவர்களுக்குத் தெரியும், வீதி முனையில் தேர் லேசில் திரும்பாது. முட்டுக்கட்டை போட்டு மல்லுக்கட்ட வேண்டும். இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். இதற்கு நேர் எதிர், பின்பக்கம் முந்திக்கொண்டு முன்பக்கத்தைத் தாண்டி வருவது. அது ஓவர்ஸ்டியர். நாய் வாலை ஆட்டாமல் வால் நாயை ஆட்டினால் எப்படியோ, அப்படி.

இந்த இரண்டில் சாதாரண டிரைவருக்கு முதலாவது பரவாயில்லை. காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் மூக்கு திரும்பிவிடும். அதனால்தான் கம்பெனிகள் கொஞ்சம் அண்டர்ஸ்டியர் வைத்தே காரை விற்கின்றன. நம் தம்பி அதன் மேல் இன்னும் ஒரு கரண்டி ஊற்றப் பார்க்கிறார். நல்ல வளைவில் சிரித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்த கார், காசு செலவழித்த பிறகு முரண்டு பிடிக்கும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதே வீண்.

இது வெயில் காலக் கதை. வந்தது ஐப்பசி ஆயிற்றே!

வடகிழக்குப் பருவமழையில் நெம்மேலிப் பக்கம் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி. மழை வலுத்தால் ரோட்டில் தண்ணீர் படலமாக நிற்கும். மழை விட்டால் காற்றில் வந்த மணல், சவுக்கு மரத்து ஊசி இலை. இந்த ரோட்டில்தான் அகல டயர் தன் இன்னொரு முகத்தைக் காட்டும்.

டயர் உருளும்போது முன்னால் இருக்கிற தண்ணீரைப் பட்டன்களுக்கு நடுவே உள்ள காடிகள் வழியாக வெளியேற்ற வேண்டும். வேகம் கூடினால் அதற்கு நேரம் போதாது. தண்ணீர் ஆப்பு மாதிரி அடியில் புகுந்து டயரைத் தூக்கிவிடும். அப்புறம் நீங்கள் ஓட்டுவது கார் அல்ல, படகு. விமான டயர்களை வைத்து 1960-களில் நாஸா இதை ஆராய்ந்து சூத்திரம் கண்டது. தேங்கிய தண்ணீரில் மொட்டை டயர், காற்று 32 பவுண்டு என்றால் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்க ஆரம்பிக்கும். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் தடத்தின் வடிவத்தையும் கணக்கில் சேர்த்தன. அகலமும் குட்டையுமான தடம் சீக்கிரமே மிதக்கும். கொழுக்கட்டைத் தடம் என்றேனே, அதேதான். ஒல்லியான நேந்திரம்பழம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விடும்.

இப்போது அந்தத் தம்பியின் காரை யோசியுங்கள். முன்னால் ஒல்லி, பின்னால் அகலம். காய்ந்த ரோட்டில் முன்பக்கம் தோற்கிற கார். ஆறு மாதமாக அதை ஓட்டி, 'நம்ம வண்டி பின்னாடி கல்லு மாதிரி நிக்கும்' என்ற தைரியம் வந்திருக்கும். முதல் பெருமழையில், தேய்ந்த பின் டயரோடு, அதே வளைவில், அதே வேகத்தில் வந்தால் முன் டயர் தரையைப் பிடித்திருக்கும்போதே பின் டயர் மிதக்கும். வால் நாயை ஆட்டிவிடும். காலை எடுத்தால் இன்னும் மோசம். ஒரே காருக்கு வெயிலில் ஒரு குணம், மழையில் அதற்கு நேர் எதிர் குணம்! சுற்றுகிற அந்தக் காருக்குள் பலூனும் பெல்ட்டும் இருக்கின்றன. ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கிற ஸ்கூல் பிள்ளைக்கும், மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கிற அம்மாவுக்கும் அதெல்லாம் கிடையாது.

கம்பெனிக் காருக்கு மட்டும் இது வராதா என்றால், மழையின் சட்டம் அதற்கும் பொருந்தும். ஆனால் அவர்கள் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங், வழுக்கலைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அந்த 225-க்கும் 255-க்கும் சேர்த்தே தைத்திருக்கிறார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை. நாம் செய்வது ரெடிமேட் சட்டையில் பெரியப்பா சட்டையின் கையை ஒட்டுப் போடுவது.

அழகுக்காக அகலம் என்பதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் லம்போர்கினி கவுன்டாக். 1974-ல் அது விற்பனைக்கு வந்தபோது முன்னால் 205, பின்னால் 215. ஏறக்குறைய சமம்தான். 1978-ல் வந்த எல்.பி.400 எஸ் மாடலில் பின்னால் போட்டார்களே ஒரு டயர், 345! சின்னப் பையன்கள் அறைச் சுவரில் ஒட்டிய போஸ்டர்களில் பளிச்சென்று தெரிவது அதுதான். வளைவில் பிடி கூடியது. ஆனால் அந்த அகலமும் அதை மூட வைத்த பெரிய மட்கார்டும் காற்றைத் தடுத்ததில், நேர் ரோட்டில் பழைய ஒல்லி டயர் கார்தான் வேகம்!

இதற்கு நேர் எதிராக 2012-ல் டொயோட்டா ஒரு வேலை செய்தது. ஜி.டி.86 என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். நாலு சக்கரத்திலும் ஒரே அளவு, 215/45, பதினேழு அங்குலம். அதுவும் சாது ப்ரியஸ் காருக்குப் போடுகிற அதே ரக டயர். கஞ்சத்தனம் என்று சிரித்தவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பிடி குறைவாக இருந்ததால், ஆபத்தான வேகத்துக்குப் போகாமலே காரின் எல்லை எங்கே என்று டிரைவருக்குத் தெரிந்தது. எனக்கு அந்தக் காரின் மேல் தனி மரியாதை.

பின் டயரின் மகிமைக்கு நம்ம ஊர்ச் சரித்திரமும் சாட்சி. 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானபோலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். பயிற்சியின்போது சாய்வான வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவில் இடது பின் டயர் தோற்றுப்போய் கார் சுவரில் மோதியது. அந்த டயர் அந்த வளைவைத் தாங்கும் என்று மிஷ்லின் கம்பெனியால் உத்தரவாதம் தர முடியவில்லை. பந்தய நாளன்று அந்த டயர் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டன. மிச்சம் ஆறே கார். அதில் ஒன்றில் நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன். நாலாவதாக வந்து 5 பாயின்ட் எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் பாயின்ட்டுகள் அவை. கோடிக்கணக்கில் கொட்டி, கம்ப்யூட்டர் வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கே ஒரு பின் டயர் தப்பினால் இந்தக் கதி.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்.சி. புத்தக விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அபராதம் கட்டிவிடலாம் என்கிறவர்கள், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் ஆசாமி டேப்பை எடுத்துக்கொண்டு பின் டயர் அருகே குனிவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

உங்கள் காருக்கு எந்த டயர் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், காற்று எவ்வளவு என்பதோடு சேர்த்து. ஒரே மாடலில் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே அகல டயர் தந்திருந்தால் அந்த அளவை, அதற்கான ரிம்மோடு போடலாம். அப்படி முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவானால் ஒரு செலவு உண்டு. முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப்போட்டு ஆயுளை நீட்டுகிற நம் நடுத்தர வர்க்க வித்தை அங்கே பலிக்காது. ஸ்டெப்னி வைத்தால் அது முன்னுக்கா, பின்னுக்கா என்ற பட்டிமன்றம் வேறு.

டயர் கடைத் தம்பி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கடைக்காரர் டயர் விற்க மறுக்கவில்லை, வியாபாரி ஆயிற்றே. தேய்ந்த முன் டயரைக் கட்டைவிரலால் தடவிக் காட்டி, "தம்பி, இதுல பட்டனே இல்ல. அதே காசுக்கு நாலும் 225-லயே நல்லதா போட்டுத் தர்றேன். மழை முடியட்டும், தை மாசம் வாங்க, 255 பத்திப் பேசுவோம்" என்றார். தம்பி முகம் தொங்கிப்போனது. ஆனால் நாலும் போட்டுக்கொண்டுதான் போனார். தை வந்து போய்விட்டது. ஆள் இன்னும் வரவில்லையாம்.

இதைப் படிக்கிற உங்களில் பலரிடம் கார் இல்லை, பைக் இருக்கிறது என்று தெரியும். அங்கேயும் இதே வியாதி. 100 அளவு டயர் இருந்த பல்சரில் 130 ஏற்றிக்கொண்டு ஆபீஸ் வருகிறவர்கள் உண்டு. பைக் சாய்ந்து திரும்புகிற வண்டி. ஒல்லி ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அது கூம்பிக்கொண்டு, சாய்வதே கோணலாகிவிடும். மைலேஜும் போகும். எங்கள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் அப்படி ஒரு பைக் தினமும் நிற்கும். செயின் அப்படியே வெளியே தெரிகிறதே, கவர் எங்கே என்று ஓனர் பையனைக் கேட்டேன்.

"டயர் இடிச்சுது சார், கழட்டிட்டேன்" என்றான். பேன்ட்டின் வலது கால் முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தது.